நோட்டை ஒப்படைத்துவிட்டுப் புறப்படுங்கள்

பதவியில் இருந்துகொண்டே அடுத்த பதவிக்கு மனுப் போட நினைக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கு, கீரமங்கலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

வார்டு உறுப்பினர்களுக்கும், பேரூராட்சி, ஊராட்சி, ஒன்றியத் தலைவர்களுக்கும், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், நாளை அந்த இடங்களுக்கு வரப்போகிறவர்களுக்கும்,

நான் கீரமங்கலத்துக்காரன். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மல்லிகை. விடியுமுன் பூப்பறித்துக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு வந்தால்தான் எனக்குப் பொழுது விடியும். ஆடி பிறந்துவிட்டால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். மொய் விருந்துப் பந்தல்களில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு மொய் எழுத உட்காருவேன். பல வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். உங்களில் சிலர் என் முன்னால் நின்று பெயரும் ஊரும் சொல்லி மொய் எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், அந்தப் பக்கம் பேராவூரணி என்று எங்கள் வட்டாரத்தில் மொய் விருந்து எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆடியிலும் ஆவணியிலும் கறிவிருந்து. வந்தவர்கள் எழுதும் பணம் விருந்து வைத்தவருக்கு ஒரு முதலீடு. ஒருவர் 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் விருந்து வைக்கலாம். இடைப்பட்ட காலத்தில், தனக்கு மொய் செய்த ஒவ்வொருவருக்கும் அவர் திருப்பிச் செய்ய வேண்டும். இதற்குப் பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. நோட்டும் நாணயமும்தான். வெளிநாடு போகிறவர்கூட, செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டுப் போவார்; முடியாவிட்டால் வீட்டில் ஒருவரிடம் நோட்டை ஒப்படைத்து, இன்னாருக்கு இவ்வளவு என்று விவரம் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவார். சொல்லாமல் போனவரை இந்த வட்டாரம் மறப்பதில்லை.

ஓட்டும் 5 ஆண்டுக்கு ஒருமுறைதான். நாங்கள் வரிசையில் நின்று எழுதிய மொய் அது. பாதியில் நீங்கள் வேறு பதவிக்குப் புறப்படும்போது எங்கள் நோட்டு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சட்டமன்றத்துக்கு நிற்க விரும்பினால், முதலில் வேலையை விட வேண்டும். அரசில் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் உறுப்பினராக முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 191-ஆவது பிரிவு சொல்கிறது. அவருடைய விலகல் கடிதம் ஏற்கப்பட்ட பிறகுதான் மனு நிற்கும். தோற்றால் அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்காது. ஆனால் சட்டமன்ற உறுப்பினர் மக்களவைக்கு நிற்கலாம், மக்களவை உறுப்பினர் சட்டமன்றத்துக்கு நிற்கலாம். மனுப் போடும்போது எதையும் விடவேண்டியதில்லை. தோற்றால் பழைய நாற்காலி அப்படியே இருக்கும். வென்றால் மட்டுமே ஒன்றை விட வேண்டும். அதற்கும் அரசிதழில் வெளியான நாளிலிருந்து 14 நாள் அவகாசம். அதற்குள் சட்டமன்றப் பதவியை விடாவிட்டால் நாடாளுமன்ற இடம் காலியாகிவிடும் என்று 1950-இல் வந்த விதிகள் சொல்கின்றன.

ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் நிற்கவும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இடம் தருகிறது. 1996-க்கு முன் அந்த எண்ணிக்கைக்கு உச்சவரம்புகூட இல்லை. 1991-இல் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வென்று, பர்கூரை வைத்துக்கொண்டு காங்கேயத்தை விட்டார். 2001-இல் அவர் நான்கு தொகுதிகளில் மனுத்தாக்கல் செய்தார். அவற்றில் ஒன்று நம் புதுக்கோட்டை. நான்கும் தள்ளுபடியாயின. வழக்குகளில் பெற்ற தண்டனை ஒரு காரணம், இரண்டுக்கு மேல் மனுப் போட்டது இன்னொரு காரணம். நரேந்திர மோதி 2014-இல் வாராணசி, வடோதரா இரண்டிலும் வென்று வடோதராவை விட்டார். ராகுல் காந்தி 2024-இல் ரேபரேலியை வைத்துக்கொண்டு வயநாட்டை விட்டார். எந்தக் கட்சியையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. எல்லாக் கட்சிகளும் நடந்த பாதை இது. சட்டம் அனுமதித்த பாதையும்கூட.

ஆனால் காலியான நாற்காலி என்றால் என்ன என்பது கீரமங்கலத்துக்குத் தெரியும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தது. பாட்டன் வைத்த தென்னையும் பலாவும் விடிவதற்குள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பல நாட்கள் கரண்ட் இல்லை. தோட்டத்துப் போரில் தண்ணீர் இருந்தும் குடிக்க எடுக்க வழியில்லை. அன்று தமிழ்நாட்டில் எந்த ஊராட்சியிலும், பேரூராட்சியிலும், நகராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த உள்ளாட்சிகளுக்கு எங்கள் மாவட்ட ஊரகத்தில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. எங்களைப் போன்ற பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் வந்தது. அதிகாரிகள் வந்து கணக்கெடுத்தார்கள். பலர் ராப்பகலாக உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் தெருமுனையில் குடியிருக்கும் கைம்பெண்ணின் பெயர் பட்டியலில் விடுபட்டிருக்கிறது என்று எடுத்துச் சொல்வது வார்டு உறுப்பினரின் வேலை. இந்தத் தெருவில் யார் வீட்டு ஓடு பறந்தது என்று அவருக்குத்தான் தெரியும். அந்த ஆள் அன்று இல்லை.

பக்கத்துத் தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதியிலும் அப்போது உறுப்பினர் இல்லை. 2017 செப்டம்பரில் 18 உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டபோது காலியான இடங்களில் அதுவும் ஒன்று. கலைஞர் மறைவால் திருவாரூரும் காலி. திருவாரூரில் 2019 ஜனவரியில் நடப்பதாக அறிவித்த இடைத்தேர்தலை, புயல் நிவாரண வேலைகள் நடப்பதைக் காரணம் காட்டி ஆணையமே ரத்து செய்தது. இரண்டு தொகுதிகளுக்கும் 2019 ஏப்ரலில்தான் வாக்குப்பதிவு நடந்தது. இடம் காலியானால் 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு சொன்னாலும், நடைமுறை எப்படிப் போகும் என்பதற்கு இது சாட்சி.

இவை யாரும் பதவியைத் துறந்ததால் வந்த காலியிடங்கள் அல்ல. சாவு, வழக்கு, தள்ளிப்போன தேர்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆனால் காற்று அடிக்கும்போது, நாற்காலி எதனால் காலியானது என்று அது கேட்பதில்லை. வயநாட்டைப் பாருங்கள். 2024 ஜூனில் அந்த மக்களவை இடம் காலியானது. ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நிலம் சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இடைத்தேர்தல் நவம்பர் 13-இல்தான் நடந்தது. விட்டுப்போனவர் துயரம் விசாரிக்க ஓடி வந்தார், மற்றவர்களும் பேசினார்கள். ஆயினும் வயநாட்டின் உறுப்பினர் என்று மக்களவையில் எழுந்து நிற்க, அந்த நாட்களில் ஒருவரும் இல்லை. சாவு எப்போது வரும் என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே உண்டாக்கும் காலியிடத்தை உங்களால் முன்கூட்டியே சொல்ல முடியும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இந்த மடல்.

நம் மாநிலத்திலேயே இன்னும் நேரான உதாரணம் நாங்குநேரி. 2016-இல் அங்கே வென்ற எச்.வசந்தகுமார் 2019-இல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் வென்று, சட்டமன்றப் பதவியை விட்டார். அதே ஆண்டு அக்டோபர் 21-இல் நாங்குநேரிக்காரர்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள். 2021-இல் மாநிலங்களவை உறுப்பினர்களாக இருந்த கே.பி.முனுசாமியும் ஆர்.வைத்திலிங்கமும் வேப்பனஹள்ளியிலும் ஒரத்தநாட்டிலும் வென்று, டெல்லிப் பதவியை விட்டார்கள். மேற்கு வங்கத்தில் அதே ஆண்டு தலைகீழாக நடந்தது. மக்களவை உறுப்பினரான நிசித் பிரமாணிக் தின்ஹாட்டா சட்டமன்றத் தொகுதியில் 57 ஓட்டில் வென்றார். பிறகு மக்களவையே போதும் என்று அதை விட்டுவிட்டார். அக்டோபர் இடைத்தேர்தலில் எதிர்த்து நின்ற கட்சி ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் அங்கே வென்றது. கோபத்தை மக்கள் எப்படி எழுதிக் காட்டுவார்கள் என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

2023 கடைசியில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் சட்டமன்றங்களுக்கு வென்ற 12 மக்களவை உறுப்பினர்கள் டெல்லி இடத்தைத் துறந்தார்கள். எஞ்சிய காலம் ஓராண்டுக்கும் குறைவு என்பதால் இடைத்தேர்தல் கட்டாயமில்லை, நடக்கவும் இல்லை. அந்தத் தொகுதிகள் அடுத்த பொதுத்தேர்தல்வரை குரலற்று இருந்தன.

இரண்டு பதவிகளில் ஒரே ஆள் இருப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1999 ஏப்ரல் 17 ஒரு பாடம். ஒடிசா முதலமைச்சராகிவிட்ட கிரிதர் கமாங், மக்களவை உறுப்பினர் பதவியை அதுவரை விடவில்லை. நம்பிக்கை வாக்கெடுப்புக்கு வந்து வாக்களித்தார். 269-க்கு 270 என்று வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அவர் சட்டத்தை மீறவில்லை. எந்த நாற்காலிக்குத் தான் முதலில் பொறுப்பு என்ற கேள்வியை அவரிடம் கேட்க, சட்டத்தில் ஒரு வரிகூட இல்லாமல் போனது.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்றும் தேடிப் படித்தேன். பிரேசிலில் அதிபரோ மாநில ஆளுநரோ மேயரோ வேறு பதவிக்கு நிற்க விரும்பினால், தேர்தலுக்கு 6 மாதம் முன்பே விலக வேண்டும்; அவர்களுடைய 1988 அரசமைப்பில் அது இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், காலம் ஒன்றன்மேல் ஒன்று விழும் வேறு பதவிக்கு நிற்கும் உள்ளூர், மாநிலப் பிரதிநிதி, திரும்பப் பெற முடியாத ராஜினாமாவை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அதே ஃபுளோரிடா 2023-இல், அதிபர் பதவிக்கு நிற்பவருக்கு விலக்கு என்று சட்டத்தைத் திருத்திக்கொண்டது. பிலிப்பைன்ஸில் மனுப் போட்டாலே பதவி போய்விடும் என்றிருந்த விதியை 2001-இல் நீக்கினார்கள். இலங்கையில் விகிதாசார முறை. ஒருவர் விலகினால் அதே பட்டியலில் அடுத்து வந்தவர் அமர்வார், இடைத்தேர்தலே கிடையாது. ஆக, எங்கும் ஒரே வழி இல்லை. அதனால்தான் நம் ஊருக்கு எது பொருந்தும் என்று நாம்தான் பேச வேண்டும்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்களும் எனக்குத் தெரியும், டீக்கடையில் கேட்டவைதான்.

"வார்டில் தொடங்கியவன் மேலே போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். போக வேண்டும். எங்கள் தெருவில் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் அலைந்தவர் கோட்டைக்குப் போனால் முதலில் வெடி போடுபவன் நானாக இருப்பேன். நான் கேட்பது போகும் முறையை மட்டும்: இருக்கிற பதவியை விட்டுவிட்டு மனுப் போடுங்கள்.

"முன்கூட்டியே விலகினால் தோற்றாலும் இடைத்தேர்தல் வருமே, அது கூடுதல் செலவல்லவா?" என்பது நியாயமான கேள்வி. இதற்குக் கேரளத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. பி.கே.குஞ்ஞாலிக்குட்டி 2017-இல் வேங்கர சட்டமன்ற உறுப்பினராக இருந்தபடியே மலப்புறம் மக்களவை இடைத்தேர்தலில் வென்றார். அதனால் வேங்கரக்காரர்களுக்கு அக்டோபரில் தனியாக ஓர் இடைத்தேர்தல் வந்தது. 2021-இல் அவர் மீண்டும் சட்டமன்றத்துக்குத் திரும்ப நினைத்தபோது வேறு மாதிரி செய்தார். தேர்தல் அறிவிப்பு வருமுன்பே, பிப்ரவரி தொடக்கத்தில், மக்களவைப் பதவியை விட்டார். ஏப்ரல் 6-இல் சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்தே மலப்புறத்துக்கும் வாக்குப்பதிவு முடிந்தது. அதே சாவடி, அதே ஊழியர்கள், கூடுதலாக ஓர் இயந்திரம். ஒரே மனிதர், இரண்டு வழிகள். எந்த வழியில் மக்களுக்கு அலைச்சல் குறைவு என்று நீங்களே சொல்லுங்கள்.

தனியாக வரும் இடைத்தேர்தல் எங்களுக்கு என்ன செய்யும் என்பதையும் கேளுங்கள். நடத்தை விதிமுறை வந்ததும் புதுத் திட்டம் எதையும் தொடங்க முடியாது. 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாத ரொக்கத்தைப் பறக்கும் படை பிடிக்கும். பூவும் தேங்காயும் வாழையும் ரொக்கத்தில் புரளும் ஊர் இது. ஆடி, ஆவணியில் அப்படியொரு தேர்தல் விழுந்தால், மொய்ப் பந்தலிலிருந்து பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவே பயப்பட வேண்டும். விதியைக் குறைசொல்லவில்லை, ஓட்டுக்குப் பணம் ஓடுவதைத் தடுக்க அது வேண்டும். ஆனால் ஒருவருடைய விருப்பத்துக்காக ஒரு தொகுதியே அதைச் சுமக்கிறது. இரண்டு இடங்களில் வென்று ஒன்றை விடுபவரிடம் இடைத்தேர்தல் செலவுக்காக, சட்டமன்றம் என்றால் 5 லட்சம், மக்களவை என்றால் 10 லட்சம் வாங்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2004-லேயே சொன்னது. ஒருவருக்கு ஒரு தொகுதிதான் என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இது நாடாளுமன்றம் முடிவு செய்யவேண்டிய விஷயம் என்று வழக்கைத் தள்ளிவிட்டது. பந்து உங்கள் ஆட்களிடம்தான் இருக்கிறது.

"இப்படிச் சட்டம் வந்தால் ஆளுங்கட்சி எதிர்க்கட்சியை முடக்கப் பயன்படுத்தும்" என்றும் சொல்வீர்கள். அந்தப் பயமும் வெறும் பயமல்ல. சென்னை மேயராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார் மு.க.ஸ்டாலின். ஒருவர் இரண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட பதவிகளை வகிக்கக் கூடாது என்று 2002-இல் அப்போதைய அரசு சட்டம் கொண்டுவந்தது. அவர் மேயர் பதவியை விட்டார். ஒருவரைக் குறிவைத்த சட்டம் என்ற பேச்சு அன்று பலமாக இருந்தது. கொள்கை சரியாக இருந்தாலும், ஆட்டத்தின் நடுவில் கோட்டை மாற்றிப் போட்டால் அது நியாயமாகத் தெரியாது. எனவே, மனுப் போடுமுன் பதவியை விட வேண்டும் என்ற விதி அடுத்துவரும் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களிடமிருந்து தொடங்கட்டும். வார்டு முதல் டெல்லிவரை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருப்பவர்களுக்கு விலக்கு இருக்கட்டும்.

சட்டம் எப்போது வருமோ தெரியாது. மொய்க்கு என்ன சட்டம் இருக்கிறது? இருந்தும் எங்கள் நோட்டு தவறுவதில்லை. அதனால் உங்களிடம் நேராகவே கேட்கிறேன்.

மேற்பதவிக்கு நிற்க முடிவெடுத்தால், கட்சி அலுவலகத்துக்கு விருப்ப மனுவோடு போகுமுன் உங்கள் வார்டுக்கு, உங்கள் ஊராட்சிக்கு வாருங்கள். கோயில் திடலிலோ பள்ளிக்கூடத்து மரத்தடியிலோ எங்களைக் கூட்டி, "நான் நிற்கப்போகிறேன், உங்கள் யோசனை என்ன?" என்று கேளுங்கள். உங்களுக்கு ஓட்டுப் போட்ட கிழவிக்கு அந்தச் சேதியைச் செய்தித்தாளில் பார்க்கும் நிலை வேண்டாம்.

கட்சி உங்கள் பெயரை அறிவித்துவிட்டால், தேர்தல் தேதி வருமுன் பழைய பதவியை விடுங்கள். அப்போதுதான் இரண்டு ஓட்டையும் ஒரே நாளில் எங்களால் போட முடியும். தோற்றால் என்ன ஆகும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு நிற்பவருக்கும் அதே பயம்தான். அந்தப் பயத்தோடு வருகிறவரின் பேச்சில் ஓர் உண்மை இருக்கும், அது எங்களுக்குக் கேட்கும்.

போகுமுன் கணக்குக் கொடுங்கள். எந்தத் தெருவில் எந்த வேலை பாதியில் நிற்கிறது, யார் யாருடைய முதியோர் உதவித்தொகை மனு எந்த அலுவலகத்தில் கிடக்கிறது, எந்தக் குளத்து மடையைச் சரிசெய்ய வாக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை வரப்போகிறவரிடம், அவர் எதிர்க்கட்சியாக இருந்தாலும், ஊர் முன்னால் கொடுங்கள். இது ஒன்றைச் செய்தாலே போதும், நீங்கள் விட்டுப்போனதை நாங்கள் குறையாகப் பேசமாட்டோம்.

இதைப் படிக்கும் என் ஊர்க்காரர்களிடமும் ஒரு வார்த்தை. நாமும் பாதிப் பொறுப்பாளிகள். "நம்ம ஆளு பெரிய ஆளாகிவிட்டார்" என்ற பூரிப்பில், கைவிடப்பட்ட வார்டைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறோம். மனுப் போட வருகிறவருக்கு மாலை போடும்போதே, "இருக்கிற பதவியை விட்டுவிட்டீர்களா, நோட்டை யாரிடம் கொடுத்தீர்கள்?" என்று கேட்போம். மாலைக்குப் பூ நம் தோட்டத்துப் பூதானே, கேள்வியும் நம்முடையதாக இருக்கட்டும்.

அடுத்த ஆடியில் பந்தலுக்கு வாருங்கள். எந்தப் பதவியில் இருந்தாலும், எதிலும் இல்லாவிட்டாலும், உங்களுக்கு இலை உண்டு. உங்கள் பெயரை எழுதும்போது, பழைய கணக்கு நேராக இருக்கிறது என்று சொல்லி எழுத எனக்கு ஆசை.

இப்படிக்கு,
உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்களில் ஒருவன்,
கீரமங்கலம், ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.